மைக்காரர் குரலில் பேசிய கிளி

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய அன்று மைக்காரர் முதலில் தேடிப்போனது கிளியைத்தான். செருப்பை ஒழுங்காகக் கழற்றக்கூட இல்லை. கழுத்தைச் சுற்றிய துணிக்கட்டோடு கூடத்து ஜன்னலோரம் போய் நின்றார். கிளி அவரை ஒரு கண்ணால் பார்த்தது. தலையைத் திருப்பி மறு கண்ணாலும் பார்த்தது. பிறகு கூண்டுக்குள் இருந்த கட்டையின் கோடி வரைக்கும் நகர்ந்து போய், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

"கோவமா இருக்கு. விட்டுட்டுப் போயிட்டீங்கள்ல" என்றாள் மனைவி.

அவரும் அப்படித்தான் நினைத்தார். கோபம்தானே, ரெண்டு வாதுமைப் பருப்பைக் காட்டினால் ஆறிவிடும்.

ஊரில் பாதிப் பேருக்கு அவர் முகம் தெரியாது, குரல் தெரியும். பேருந்து நிலையத்து மாடியில், நடைமேடைகளைப் பார்த்தபடி இருந்த கண்ணாடி அறையில் உட்கார்ந்து, எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது தாமதம், எது ரத்து என்று மைக்கில் சொல்வதுதான் அவர் வேலை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதே நாற்காலி, அதே மேசை. வண்டி தாமதம் என்று இவர் சொன்னால் மட்டும் யாருக்கும் கோபம் வருவதில்லை என்று டிரைவர்கள் கேலி செய்வார்கள். கடையில் வெங்காயம் கேட்டால் பக்கத்தில் நிற்பவர் சட்டென்று திரும்பி, "நீங்க பஸ் ஸ்டாண்டுதானே?" என்பார். உள்ளுக்குள் அவருக்குக் கொள்ளைப் பெருமை. வெளியே காட்டிக்கொள்ளமாட்டார், ஆனால் அடுத்து தக்காளி கேட்கும்போது குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கும்.

கிளியும் அந்த நிலையத்திலிருந்து வந்ததுதான். சாம்பல் உடம்பு, சிவப்பு வால். யாரோ ஒரு பயணி கூண்டோடு பெஞ்சில் வைத்துவிட்டு வண்டியேறிவிட்டார். உரியவர் வந்து பெற்றுக்கொள்ளவும் என்று சொல்லிச் சொல்லி மைக்காரருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். யாரும் வரவில்லை. அதற்குள் அவர் மேசையில் குடியிருந்த கிளி, "பயணிகள் கவனத்திற்கு" என்பதை அவரைப்போலவே நிதானமாகச் சொல்லப் பழகிவிட்டது. ஒரு நாள் அவர் டீ குடிக்கப் போயிருந்தபோது மைக் திறந்தே கிடந்தது. கிளி சொன்னதைக் கேட்டு நடைமேடையில் அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டு, மேற்கொண்டு என்ன சேதி என்று அண்ணாந்து காத்திருந்தார்களாம். நிலைய அதிகாரி அன்றைக்கே கூண்டை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்.

சாப்பாட்டு மேசைமேல் அது நடக்கிற நடை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வேலையாட்களை மேற்பார்வை பார்க்கிற மாதிரி இருக்கிறது என்று மகள் அதற்கு மேனேஜர் என்று பேர் வைத்தாள். மகள் கல்யாணமாகிப் போனபின் வீட்டில் மூன்று பேர்: மைக்காரர், மனைவி, மேனேஜர். அவர் சவரம் செய்யும்போதும் செய்தித்தாள் படிக்கும்போதும் மேனேஜர் தோளில்தான். மூக்குக் கண்ணாடியின் காலைக் கடித்துக் குதறும். மனைவி கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவள். இது கடித்ததையெல்லாம் மாற்றிக் கொடுத்தே அலுத்துப்போனாள். அவர் நாற்காலியில் சாய்ந்தபடி, "இங்க கொஞ்சம் வாயேம்மா" என்று கடைசி எழுத்தை மேலே தூக்கி அழைப்பது வழக்கம். மேனேஜரும் அதே மாதிரி அழைக்கும். கூப்பிட்டது யார் என்று தெரியாமல் அவள் எத்தனையோ தடவை அடுப்படியிலிருந்து வீணாக நடந்திருக்கிறாள்.

குரல் கம்மியபோது சளி என்றுதான் நினைத்தார்கள். சளி போகவில்லை. பெரிய டாக்டர் ஒரு தாளில் தொண்டையை வரைந்து, நடுவில் ஒரு கோடு கிழித்து, குரல்வளையை முழுதாக எடுத்தாக வேண்டும் என்றார். மைக்காரர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, எப்போது மறுபடி மைக்கில் உட்காரலாம் என்று விசாரித்தார். டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"உக்கார முடியாதுங்க. மூச்சு இனிமே கழுத்து வழியாத்தான். பேச்சு இருக்காது."

மனைவி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். வெளியே வந்து படியிறங்கும்போதும் அவருக்கு அது பக்கத்து அறை நோயாளிக்குச் சொன்ன சேதி மாதிரியே இருந்தது. மருத்துவமனைக்குக் கிளம்பிய காலையில், கட்டைக் குரலில், "ஆபீஸப் பாத்துக்க மேனேஜர், வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். மேனேஜர் அவர் சட்டைக் காலரை விடாமல் பிடித்து இழுத்தது.

போனவர் வந்து சேர வெகு நாளானது. வந்தவருக்குத் தொண்டைக்குழியில் ஒரு துளை. அதன் வழியாக மூச்சு. சூடான டீயை ஊதி ஆற்ற முடியாது, சீட்டியடிக்க முடியாது, மணம் சரியாகத் தெரியாது. எழுதிக் காட்ட ஒரு சிலேட்டு. மேனேஜரும் பழைய மேனேஜர் இல்லை. அவர் இல்லாத நாட்களில் தன் நெஞ்சு இறகுகளைத் தானே பிடுங்கிப் போட்டிருந்தது. கையகலத்துக்கு இளஞ்சிவப்புத் தோல் தெரிந்தது. வாதுமைப் பருப்பை நீட்டினார். அது தொடவில்லை. கிண்ணத்தில் போட்டுவிட்டு அவர் அடுத்த அறைக்குப் போன பிறகு தின்றது.

அவருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. மருத்துவமனையில் பேசுவதற்கு ஒரு கருவி கொடுத்திருந்தார்கள். சின்ன டார்ச் விளக்கு மாதிரி இருக்கும். தாடைக்கடியில் அழுத்திப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு வாயசைத்தால் வண்டு குடைகிற மாதிரி ஒரு ஒலி வரும். அதில் சொற்கள் இருக்கும், ஏற்ற இறக்கம் இருக்காது. பயிற்சி கொடுத்த பெண், பிடித்தமான ஒரு சொல்லில் தொடங்கச் சொன்னாள். அவர் தேர்ந்தெடுத்த சொல் மேனேஜர். வீட்டுக்கு வந்து கழுத்து வீக்கம் வடிந்ததும், ஒரு காலையில், கூண்டுக் கதவின்மேல் உட்கார்ந்திருந்த கிளிக்கு எதிரே நின்று, கருவியை அழுத்தி அந்தச் சொல்லைச் சொன்னார்.

மேனேஜர் அலறியது. அப்படி ஒரு அலறலை அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. நேரே பறந்து ஜன்னல் கண்ணாடியில் மோதியது, திரைச்சீலைக் கம்பியில் மோதியது, குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் போய் விழுந்தது. மனைவி தரையில் படுத்து, துண்டைப் போட்டு அதை மெல்ல வெளியே எடுத்தாள். துண்டுக்குள் அதன் உடம்பு முழுவதும் ஒரே துடிப்பாக இருந்தது. தரையில் இரண்டு சிவப்பு இறகுகள் கிடந்தன.

"அத நிறுத்துங்க" என்றாள் அவள்.

அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது, பொத்தானிலிருந்து விரலை எடுக்கவே இல்லை என்று. கருவி இன்னும் ரீங்கரித்துக்கொண்டிருந்தது. விரலை எடுத்தார். அன்று முழுக்க சிலேட்டைக்கூடத் தொடவில்லை.

அதற்குப் பிறகு அவர் கையில் கரண்டி இருந்தாலும் சீப்பு இருந்தாலும் மேனேஜர் கத்தத் தொடங்கியது. சொந்த வீட்டில் திருடன் மாதிரி பாதம் பதியாமல் நடந்தார். அதைவிடப் பெரிய அடி ஒரு சாயங்காலம் விழுந்தது. அவர் நாற்காலியில் செய்தித்தாளோடு இருந்தார். கூண்டிலிருந்து குரல் வந்தது.

"இங்க கொஞ்சம் வாயேம்மா."

"இதோ வரேங்க" என்று அடுப்படியிலிருந்து பதில் வந்தது. ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே மனைவி ஓட்டமும் நடையுமாக வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. வந்தவள் நாற்காலியில் இருந்த அவரைப் பார்த்தாள், அவர் கழுத்தைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றது, பிறகு இறங்கியது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு தன் குரலை அவர் கேட்பது அதுதான் முதல் தடவை. அது எவ்வளவு நல்ல குரல் என்று அவருக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

எழுந்து போய்ப் பழைய படுக்கை விரிப்பை எடுத்து வந்து கூண்டை மூடினார். மறுநாள் மகளுக்குச் செய்தி அனுப்பினார்: இதை எடுத்துக்கொண்டு போய்விடு. மகளுக்கும் அது சரியென்றே பட்டது. கிளி இறகின் தூசு துளைக்குள் போனால் ஆகாது என்று மருத்துவமனையில் ஏற்கெனவே எச்சரித்திருந்தார்கள். வார இறுதியில் காரோடு வந்துவிட்டாள். ஆனால் மனைவி கூண்டின் கைப்பிடியை விடவில்லை. அனுப்புவதற்கு முன் நெஞ்சு இறகு ஏன் இப்படிப் போயிற்று என்று மிருக வைத்தியரிடம் காட்டிவிடலாம், அதற்கப்புறம் உங்கள் இஷ்டம் என்றாள். அவள் குரல் கெஞ்சுகிற குரலாகவும் இல்லை, சண்டை போடுகிற குரலாகவும் இல்லை. அதனால் யாரும் மறுக்கவில்லை.

வைத்தியர் ஒரு பெண். கையெல்லாம் பழைய கொத்துத் தழும்புகள். மேனேஜரைத் துண்டில் சுற்றி, தோலைப் பார்த்து, எடை பார்த்து, நோய் எதுவும் இல்லை என்றார். நடந்ததையெல்லாம் மனைவி சொல்ல, அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு மைக்காரர் பக்கம் திரும்பினார்.

"இதுக்கு உங்க மேல கோவம் இல்ல சார். நீங்க இன்னும் வீட்டுக்கு வரலைன்னு நினைச்சிட்டிருக்கு. தினம் உங்க குரல்ல கூப்பிடுதுன்னு சொன்னாங்களே, அது உங்களத்தான் கூப்பிடுது."

மைக்காரர் துண்டுக்குள் இருந்த மேனேஜரைப் பார்த்தார். எதிரே நிற்கிற மனுஷனை விட்டுவிட்டு, அவன் குரலிலேயே அவனைத் தேடுகிற ஒரு உயிர். இதைச் சிலேட்டில் எப்படி எழுதுவது? எழுதவில்லை. கூண்டை மகளின் காரில் ஏற்றவும் விடவில்லை. ஆட்டோ பிடித்து, தன் மடியிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

வைத்தியர் சொல்லியனுப்பியது கேட்பதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். நீங்கள் அதனிடம் போகாதீர்கள், அது வருகிறவரை உட்கார்ந்திருங்கள் என்பதுதான் அதன் சாரம். கழுத்துத் துளைக்கு வடிகட்டித் துணியைக் கட்டிக்கொண்டு, கூண்டுக்கு முதுகைக் காட்டி, கூடத்தின் மறுகோடியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்தார். நாற்காலியை நாளாவட்டத்தில் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்த்தினார். கருவியை அணைத்த நிலையில் மேசைமேல் வைத்து, அதைச் சுற்றிப் பருப்பைப் போட்டார். அடுத்த அறையில் தலையணைக்கடியில் அவர் அதை ஒலிக்கவிட, அந்த நேரம் பார்த்து மனைவி மேனேஜருக்குத் தீனி கொடுத்தாள். பொழுதுபோகாமல் அவர் நாக்கை மேலண்ணத்தில் தட்டி ஒரு சத்தம் எழுப்புவார். மூச்சு இல்லாமலே வருகிற சத்தம் அது ஒன்றுதான். ஒரு நாள் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து அதே மாதிரி ஒரு தட்டல் வந்தது. அவர் திரும்பவில்லை. மறுபடி தட்டினார். மறுபடி பதில் வந்தது.

எல்லாம் கூடி வருகிறது என்று நினைத்த நேரத்தில்தான் அந்தக் கடி. மேனேஜர் அவர் விரலிலிருந்து பருப்பை வாங்கப் பழகியிருந்தது. அன்றைக்கு அலகு பருப்பில் படுகிற நொடியில் அவருக்கு இருமல் வந்தது. இருமல் வாயில் வரவில்லை, கழுத்துத் துணியைத் தள்ளிக்கொண்டு வந்தது. மேனேஜர் மிரண்டு அவர் கட்டைவிரலை எலும்பு வரைக்கும் கவ்வியது. அவர் கத்தினார். வாயை முழுக்கத் திறந்து, நெஞ்சு வெடிக்கிற மாதிரி கத்தினார். சத்தமே வரவில்லை. துளையில் காற்று மட்டும் சீறியது. பேச்சு போயிற்று என்று தெரியும். கத்தக்கூட முடியாது என்பது அந்த நிமிஷம் வரைக்கும் அவருக்குத் தெரியாது. ரத்தம் சொட்டச் சொட்ட அவர் அந்தப் பறவையைப் பார்த்தார். அதுவும் கட்டையின் கோடியில் ஒடுங்கி, அவர் திறந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

கட்டுப் போட்ட விரலோடு வேலைக்குப் போனார். நிலையத்தில் அவருக்கு இப்போது பலகையில் ஓடுகிற எழுத்துகளைத் தட்டச்சு செய்யும் வேலை. மைக்கில் வேறொரு பெண் பேசினாள், நன்றாகவே பேசினாள். ஒரு மத்தியானம் மின்சாரக் கோளாறில் பலகை அணைந்துபோக, அவரைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தபோது கூடத்தில் அவர் குரல் கேட்டது. தன் வீட்டு வாசலில் நின்று, உள்ளே தான் பேசுவதைக் கேட்டார்.

மனைவி கூண்டருகே தரையில் உட்கார்ந்திருந்தாள். கடைக்கு அரை நாள் விடுப்பு போலும். "இன்னொரு தடவ கூப்பிடு. இங்க கொஞ்சம்… ம், சொல்லு" என்று மெதுவாக எடுத்துக் கொடுத்தாள். மேனேஜர் சொன்னது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். மறுபடி எடுத்துக் கொடுத்தாள்.

மைக்காரருக்கு உடம்பெல்லாம் ஒரு சூடு ஏறி இறங்கியது. கோபம் என்று அதைச் சொல்ல முடியாது. தான் உயிரோடு இருக்கும்போதே தனக்காக ஒருத்தி ஏங்குவதைப் பார்த்துவிட்ட அதிர்ச்சி. சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் படிக்கட்டில் போய் உட்கார்ந்தார். மேல்மாடிக்காரர் இறங்கி வந்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டுவிட்டுப் போனார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்தார். இந்தத் தடவை வேண்டுமென்றே சாவியைக் குலுக்கிக்கொண்டு உள்ளே போனார். அவள் பதறி எழுந்து, கூண்டைச் சுத்தம் செய்வதுபோல் பாவனை செய்தாள். அவர் அவளை மறுபடி உட்காரச் சொல்லிச் சைகை காட்டினார். தானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கருவியை எடுத்து, கூண்டுக்கு மறுபக்கம் திரும்பி, துண்டால் பொத்திக்கொண்டு, முடிந்தவரை மெதுவாகச் சொன்னார்.

"எனக்கும் கேக்கணும்."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே எடுத்துக் கொடுத்தாள். இருவரும் அந்தக் குரலைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தார்கள். வண்டி புறப்படும் நேரம், டீ கேட்பது, மகளைத் திட்டுவது, கதவைச் சாத்தச் சொல்வது என்று ஒவ்வொன்றாக வந்தது. ஒரு இடத்தில் அவர் தோள்கள் குலுங்கின; சிரிக்கிறாரா அழுகிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. துண்டுக்குள் கருவி பேசியபோது மேனேஜர் கத்தவில்லை என்பதை இருவரும் பிறகுதான் கவனித்தார்கள்.

அதற்குப்பின் மாதங்கள் போயின. மேனேஜர் முதலில் நாற்காலிச் சாய்மானத்துக்கு வந்தது. அங்கிருந்து அவர் முழங்கை. ஒரு வாரம் நெருங்கும், மறுவாரம் புதுச் சட்டையைக் கண்டு மிரண்டு கூண்டுக்குள் போய்விடும். அவர் அவசரப்படவில்லை. "மேனேஜர்", "வா", "தண்ணி" என்று மூன்று சொற்களை மட்டும் கருவியில், துண்டில்லாமல், தூரத்திலிருந்து தினமும் சொல்வார். ஒரு காலை அது தானாகத் தோளில் ஏறி அவர் காதோர முடியைக் கோதியபோது, மூச்சுவிடவும் பயந்து அப்படியே நின்றார். காலைச் சாப்பாடு ஆறிப்போயிற்று.

ஒரு விடுமுறை நாள். அவர் குளியலறையில் துளையைச் சுற்றி ஜாக்கிரதையாகச் சவரம் செய்துகொண்டிருந்தார். மனைவி ஜன்னல் வெளிச்சத்தில் யாருடைய கண்ணாடிக்கோ திருகு முடுக்கிக்கொண்டிருந்தாள். கூடத்தில் அந்த ரீங்காரக் குரல் எழுந்தது: "மேனேஜர். வா." அவள் நிமிரவில்லை, அவர்தான் என்று நினைத்தாள். மறுபடி: "மேனேஜர். வா." கருவி மேசைமேல் அவள் கைக்குப் பக்கத்தில் கிடந்தது. அவள் திருகாணியைக் கீழே போட்டுவிட்டாள். மேனேஜர் கூண்டின் உச்சியில் நின்று, தொண்டையை உப்பி, ஏற்ற இறக்கம் ஒன்றும் இல்லாமல், கருவி பேசுகிற மாதிரியே பேசிக்கொண்டிருந்தது.

முகத்தில் பாதி நுரையோடு மைக்காரர் வந்து நின்றார்.

"இந்தக் குரலுக்கு மேனேஜருக்கு முன்னாடி நான் பழகியிருக்கணும்ல" என்றாள் மனைவி.

அவர் கையை ஆட்டினார், அதெல்லாம் ஒன்றுமில்லை என்று. அவள் விடவில்லை. "நீங்க ஏன் இப்பல்லாம் என்னக் கூப்பிடறதே இல்ல? வேணும்னா எழுந்து வந்து தோளத் தட்டறீங்க."

அவர் கருவியைக் கையில் எடுத்துச் சற்று யோசித்து, தாடையில் வைத்தார். "நல்லா இருக்காது" என்றார்.

"கூப்பிடுங்க."

அவள் எழுந்து அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். நுரை காய்ந்து முகம் இழுத்தது. கருவியை அழுத்தி அந்த வாக்கியத்தைச் சொன்னார். கடைசி எழுத்து மேலே ஏறவில்லை. எல்லா எழுத்துகளும் ஒரே மட்டத்தில், தகரத்தில் தட்டிய மாதிரி விழுந்தன. சொல்லி முடித்ததும் அவருக்கே கூச்சமாக இருந்தது.

"இதோ வரேங்க" என்று பதில் வந்தது. வந்தாள். வந்து என்ன என்று கேட்டாள். அவருக்குக் கேட்பதற்கு ஒன்றும் தோன்றவில்லை. துண்டு கொண்டுவரச் சொன்னார்.

மேனேஜருக்கு நெஞ்சில் இறகு முளைத்துவிட்டது, ஓரத்தில் ஒரு சின்ன இடம் மட்டும் வழுக்கையாகவே நின்றுவிட்டது. இப்போது அது இரண்டு குரலிலும் பேசுகிறது. பழைய குரல் வரவரக் குறைகிறது என்று மகள் கவலைப்பட்டு, கைப்பேசியில் பதிந்து வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். பதிந்துகொள் என்றார் மைக்காரர். அவள் கைப்பேசியை நீட்டி வெகு நேரம் நின்றாள். மேனேஜர் அவர் தோளில் இருந்தபடி கழுத்துத் துணியின் நாடாவை அவிழ்ப்பதிலேயே கவனமாக இருந்தது. எந்தக் குரலிலும் வாயைத் திறக்கவில்லை.